இன்னொரு அல்சேஷன் வீட்டுக்கு வரும் முன்

எங்கள் நாய் கருப்பனின் பின்னங்கால் நகம் சிமென்ட் தரையில் உரசிய சத்தம்தான் எங்களுக்கு முதல் எச்சரிக்கை. வாசலில் இருந்து சமையலறைக்கு நடக்கும்போது 'சரக், சரக்' என்று கேட்கும். நகம் வளர்ந்துவிட்டது என்று வெட்டிவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. பாதத்தை முழுதாகத் தூக்க முடியாமல் அவன் இழுத்து நடந்திருக்கிறான். தண்டுவட நரம்பு மெல்ல மெல்லச் சிதைகிற நோய் அது. அல்சேஷன் என்கிற ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குப் பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் வரும். வலி இராது, மருந்தும் கிடையாது. பதினோரு வயதில், எங்கள் வீட்டு வராந்தாவிலேயே, மருத்துவர் வந்து கருணை ஊசி போட்டார்.

ஒரு நாயை இப்படி வழியனுப்பிவிட்டு, சிங்கப்பூரில் இன்னொரு ஜெர்மன் ஷெப்பர்ட் வேண்டும் என்ற எண்ணம் மனதில் எழத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதன்முதலாக இந்த இனத்தை வளர்க்க நினைப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். நாங்கள் செய்த தவறுகளைச் சேர்த்தே சொல்கிறேன்.

எப்போது தேடத் தொடங்கலாம்

இறந்த வாரமே 'அடுத்தது எப்போ?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூன்று வருடம் கழித்தும் 'இன்னுமா?' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் நம்புகிற சோதனை ஒன்று இருக்கிறது. போன நாயின் குறைகளில் மூன்றை வீட்டார் கூடி உட்கார்ந்து தயங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முதல் மாதத்தில் எங்களால் முடியவில்லை. கருப்பன் அப்போது குறையே இல்லாத தெய்வமாக இருந்தான். ஐந்தாவது மாதம் என் மகள்தான் ஆரம்பித்தாள்: "அப்பா, அவன் தபால்காரரைப் பார்த்தாலே குரைப்பான். என் பள்ளிக் காலணி நாலு ஜோடியைத் தின்னுருக்கான். இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ச் சிறுநீர் கழிச்சிடுவான்." எல்லாரும் சிரித்தோம், என் அம்மா அழுதார். அதற்குப் பிறகுதான் வேறொரு நாயை அந்த நாயாகவே பார்க்கும் கண் எங்களுக்குக் கிடைத்தது.

இதில் ஒரு பொறி உண்டு, பழைய நாய் வளர்த்தவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். நம் நினைவில் தங்கியிருப்பது அந்த நாயின் கடைசி ஐந்து வருடம். கண்ணசைத்தால் உட்காரும், கதவு திறந்திருந்தாலும் ஓடாது. அந்த நிலைக்கு வர அது எடுத்துக்கொண்ட முதல் இரண்டு வருடம் மறந்துபோயிருக்கும். ஆகவே ஒரு தாளை எடுத்து அந்த முதல் வருடத்தை எழுதுங்கள். பழைய கைப்பேசிப் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஞாபகம் வரும்: கடித்த சோபா, விடியற்காலை எழுந்து துடைத்த தரை, பல் பதிந்த முன்கை. நாங்கள் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. குட்டி வேண்டுமா, வளர்ந்த நாய் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு பக்கமே பதில் சொல்லிவிட்டது.

இடையில் ஒரு சின்ன வேலையையும் முடித்துவிடுங்கள். பழைய நாயின் உரிமம் உங்கள் பெயரில்தான் இருக்கும். இறந்த செய்தியை தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) பிரிவுக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். நான் அந்தப் பொத்தானை அழுத்த ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன்.

வீடு இடம் கொடுக்குமா

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற சிற்றினங்களில் ஒரே ஒரு நாய்தான். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். 'அடோர்' திட்டத்தில் தெருநாய்க் கலப்பினங்களை வீவக வீட்டில் தத்தெடுக்கலாம், ஆனால் அதற்கு 55 சென்டிமீட்டர் உயர வரம்பு உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் பெண்நாயே தோள்வரை 55 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும், ஆண்நாய் 60 முதல் 65. பெரிய வீட்டை விற்றுவிட்டு வீவகவுக்கு மாறும் எண்ணம் அடுத்த பத்து வருடத்தில் இருந்தால் இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதும் பெற்றோர் சின்ன வீட்டுக்கு மாறுவதும், எட்டு வயது நாய் நடுத்தெருவில் நிற்பதும் நான் நேரில் பார்த்த கதை.

வீவகவில் இருந்துகொண்டு பெரிய நாய்க்கு ஏங்குபவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. காவல்துறையின் கே-9 பிரிவும் ஆயுதப் படையின் நாய்ப் பிரிவும் ஓய்வு கொடுக்கும் மோப்ப நாய்களை, நிபந்தனைகளோடு, வீவக வீட்டிலும் தத்தெடுக்கலாம். லாப்ரடார், ஸ்பேனியல் போன்றவை அதிகம் வரும். வேலை செய்து பழகிய நாயோடு வாழும் சுகம் அவற்றிடமும் உண்டு.

கூட்டுரிமை வீடு (கொண்டோ) என்றால் நிர்வாகக் குழுவின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். எந்த மின்தூக்கி, எந்த வழி என்றுகூட சில இடங்களில் விதி உண்டு. தரைவீட்டில் தலைவலி குறைவு. தனியார் வீடுகளில், 2024 செப்டம்பர் 1 முதல், நாயும் பூனையும் சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாயைத் தொடுவது அவருடைய சமயத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம், அல்லது பயமாக இருக்கலாம். நாய் வேலை முழுவதும் நம்முடையது என்று அவரிடம் சொல்லி, சொன்னபடி நடக்கவும் வேண்டும். பக்கத்து வீடும் அப்படித்தான். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் அம்மா, நாங்கள் 'மக்சிக்' என்று அழைப்பவரிடம், நான் நேரில் போய்ச் சொன்னேன். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவ வேண்டும் என்பதால், இரு வீட்டுக்கும் நடுவில் இருந்த கம்பி வேலியில் இடுப்பளவுக்குத் தகடு அடித்தோம். செலவு சொற்பம். நோன்புப் பெருநாளுக்கு அவர் பலகாரம் அனுப்புவது இன்றுவரை நிற்கவில்லை.

குட்டியா, வளர்ந்த நாயா

கருப்பன் வந்தபோது எனக்கு 38 வயது. இப்போது 50, இடது முழங்காலில் தேய்மானம். 35 கிலோ எடையுள்ள இளம் ஆண்நாய் ஒரு பூனையைப் பார்த்துத் திடீரென்று இழுத்தால் என் கால் தாங்குமா? அன்று ஏழு வயதாக இருந்த மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், வீட்டில் இருப்பதே இரவில்தான். நாய் வாங்குகிற நாளில் நம் வயது என்ன என்று பார்த்தால் போதாது, அதற்குப் பதினொரு வயதாகும்போது நமக்கு எத்தனை என்றும் கூட்டிப் பாருங்கள். கடைசிக் காலத்தில் கருப்பனைத் துண்டால் இடுப்பில் தாங்கித் தூக்கிக்கொண்டுதான் புல்வெளிக்குக் கொண்டுபோனோம்.

குட்டிக்குச் சாதகமான பெரிய காரணம் ஒன்றுதான். பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பதினான்காவது வாரம் வரை பார்க்கும் மனிதர், ஓசை, வாகனம் எல்லாம் அதற்கு இயல்பாகிவிடும். அந்தச் சாளரத்தின் பின்பாதி உங்கள் கையில் கிடைக்கும். ஆனால் அந்த வாரங்களில் பகல் முழுவதும் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் வளர்ந்த நாய்க்கே வாக்களிப்பேன். மூன்று நான்கு வயது நாயின் குணம் ஏற்கெனவே வெளியே தெரிந்திருக்கும். இடுப்பு மூட்டு எப்படி என்று எக்ஸ்ரே சொல்லிவிடும். குட்டியிடம் இதெல்லாம் ஊகம்தான்.

எங்களுக்குக் கிடைத்தவள் தங்கம். நான்கு வயது. உரிமையாளர் வெளிநாட்டுக்கு வேலை மாறிப் போனதால் புது வீடு தேடியவள்.

எங்கே தேடுவது

நான் முதலில் செய்தது தவறு. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன், எட்டு வாரக் குட்டி, கருப்பன் குட்டியில் இருந்தது போலவே முகம். அந்த முகத்துக்காகவே 500 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றதும் "அது வேற இடத்துல இருக்குண்ணே" என்றார். எந்த இடம் என்றதற்குப் பதில் இல்லை. குட்டியைக் காரில் கொண்டுவந்து கார்நிறுத்துமிடத்தில் தருகிறேன் என்றபோதுதான் எனக்கு உறைத்தது. பணம் போனது போனதுதான். வீட்டில் யாரும் திட்டவில்லை, எல்லாரும் அந்தப் படத்தில் கருப்பனைத்தான் பார்த்திருந்தோம்.

தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டுவரும் குட்டிகள் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் அடிக்கடி பிடிபடுகின்றன. மயக்க மருந்து கொடுத்து, காற்றோட்டமில்லாத இடுக்கில் அடைத்துக் கொண்டுவருவார்கள். சிங்கப்பூரில் 1953இல் இருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை. அதைக் காப்பாற்றுவது இந்த எல்லைக் கட்டுப்பாடுதான். உரிமமின்றி நாய் இறக்குமதி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். முறைப்படி வெளிநாட்டிலிருந்து தருவிக்க வழி உண்டு. எந்த நாடு என்பதைப் பொறுத்து தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று பல மாதம் பிடிக்கும். திட்டமிட்டுச் செய்கிறவர்களுக்கு அது நல்ல வழியே.

உள்ளூரில் வாங்குவதென்றால் ஏவிஎஸ் உரிமம் பெற்ற இனவிருத்தியாளர்களிடம் மட்டும் போங்கள். யாருக்கு உரிமம் இருக்கிறது என்பதை ஏவிஎஸ் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

தத்தெடுப்பதற்கு சுங்கை தெங்காவில் இருக்கும் எஸ்பிசிஏ, எஸ்ஓஎஸ்டி, ஆக்‌ஷன் ஃபார் சிங்கப்பூர் டாக்ஸ், வாய்சஸ் ஃபார் அனிமல்ஸ் என்று பல அமைப்புகள் உண்டு. கடைசியாகச் சொன்னது இனவிருத்திப் பண்ணைகளில் இருந்து ஓய்வு பெறும் நாய்களுக்கு வீடு தேடித் தருவது. தூய ஜெர்மன் ஷெப்பர்ட் தினமும் வராது. ஒவ்வோர் அமைப்பிலும் உங்கள் பெயர், வீட்டு வகை, முன்பு இந்த இனத்தை வளர்த்த அனுபவம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். உங்கள் பழைய கால்நடை மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். தங்கத்தைப் பற்றிய செய்தி கருப்பனுக்கு ஊசி போட்ட அதே மருத்துவர் மூலமாகத்தான் வந்தது. பதினோரு வருடம் நாங்கள் அவனை எப்படி வைத்திருந்தோம் என்பதற்கு அவரே சாட்சி.

நேரில் பார்க்கும்போது

முதல் தடவை போகும்போது பணமும் கயிறும் எடுத்துப் போகாதீர்கள். பார்த்துவிட்டு வீடு திரும்பி ஒரு இரவு தூங்குங்கள்.

நாய் நடந்துபோவதைப் பின்னால் நின்று பாருங்கள். பின்னங்கால்கள் முயல் போலச் சேர்ந்து துள்ளுகின்றனவா, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று கவனியுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தின் பெரிய சாபம். வளர்ந்த நாய் என்றால் உங்கள் செலவிலேயே இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். குட்டி என்றால் பெற்றோர் இரண்டின் எக்ஸ்ரே சான்றிதழைக் கேளுங்கள். தண்டுவட நோய்க்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும். தங்கத்துக்கு அதைச் செய்யாமல் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த 'சரக்' சத்தத்தை இன்னொரு முறை கேட்கும் தெம்பு எங்கள் வீட்டில் இல்லை.

குணத்துக்கு எளிய வழி: நீங்கள் அதைக் கவனிக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். நல்ல ஜெர்மன் ஷெப்பர்ட் உடனே பாய்ந்து கொஞ்சாது. தூரத்தில் நின்று அளந்து பார்த்து, பிறகு தானாக வந்து முகரும். மூலையில் ஒடுங்கியே இருந்தால், அல்லது நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடினால், காரணம் கேளுங்கள். சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது இயல்பு. எத்தனை விநாடியில் மீண்டும் வந்து முகர்கிறது என்பதே விஷயம்.

குட்டிகளில் இரண்டு வம்சம் உண்டு. கண்காட்சி வம்சம் முதுகு சரிந்து, கருப்பும் செம்பழுப்புமாக இருக்கும். வேலை வம்சத்துக்கு முதுகு நேர், நிறம் சாம்பல் கலந்தது, வேகமும் பிடிவாதமும் அதிகம். 1899இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்தைப் பதிவு செய்தபோது ஆடு மேய்க்கும் வேலைதான் அவர் மனதில் இருந்தது. குடும்பத்தில் வைத்து வளர்க்க வேலை வம்சத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தால் அது வேறு. இந்த நாய்களை அம்மா இன்றும் 'அல்சேஷன்' என்றுதான் சொல்வார். முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மனி என்ற பெயர் பிடிக்காமல் பிரிட்டிஷார் வைத்த பெயர், நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது.

உரிமமும் வாய்க்கூடையும்

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் உரிமம் கட்டாயம், தோலடிச் சில்லும் (மைக்ரோசிப்) கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, அல்லது ஆயுளுக்கும் ஒரே முறை 35 வெள்ளி. செய்யாத நாய்க்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. முதன்முறை உரிமம் எடுப்பவர்கள் ஏவிஎஸ்ஸின் இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். வளர்ந்த நாய் கைமாறும்போது உரிமமும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டும் அதன் கலப்பினங்களும் சிங்கப்பூர்ச் சட்டத்தில் தனிப்பட்டியலில் உள்ள நாய்கள். பொது இடத்தில் கயிறும் வாய்க்கூடையும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. 'எங்க நாய் பூ மாதிரி' என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. உரிமம் எடுக்கும்போதே இந்தப் பட்டியலுக்கான நிபந்தனைகள் முழுவதையும் ஏவிஎஸ்ஸிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

துணியில் குழாய் போலத் தைத்து வாயை இறுக்கும் வகையை வாங்காதீர்கள். நாய் வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்தத் துணி வாய்ப்பூட்டு ஆபத்து. வலைக்கூடை போல இருக்கும் வகைதான் சரி. கன்றுக்குட்டிக்குக் கிராமத்தில் போடுவார்களே, அதே யோசனை. உள்ளே வாயை முழுதாகத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும்.

பழக்கும் விதத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் ஆயுளுக்கும் சண்டை. முதல் மூன்று நாள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு அதைச் சுற்றித் தின்பண்டம் போட்டேன். நான்காம் நாள் கூடையின் அடியில் மசித்த இட்லியை விரலால் அப்பினேன். தங்கம் ஒரு முறை முகர்ந்தாள், விலகினாள், மறுபடி வந்தாள். நுனிநாக்கு, பிறகு மூக்கு, பிறகு கண் வரை உள்ளே. நான் கூடையை அசைக்கவே இல்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். அவள் மூச்சு என் மணிக்கட்டில் சுட்டது. பத்தாவது நாள் வரை வாரை மாட்டவில்லை. மாட்டிய அன்று ஐந்து விநாடி, மறுநாள் பத்து. மூன்றாவது வாரம் அவளே வாசலில் கூடைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகுதான் முதல் வெளி நடை. அதுவரை வீட்டு முற்றத்துக்குள்ளேயே சமாளித்தோம்.

முதல் மாதங்கள்

எம்ஆர்டியிலும் பேருந்திலும் நாய்க்கு அனுமதி இல்லை. வழிகாட்டி நாய்க்கு மட்டும் விலக்கு. வீட்டுக்குக் கொண்டுவர, மருத்துவமனைக்குப் போக, செல்லப்பிராணி டாக்சி எண் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நள்ளிரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை ஒன்றின் முகவரியைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். இந்த இனத்துக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், படுக்க முடியாமல் தவித்தால் காலை வரை பொறுக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தின்றதும் ஓடவிடாதீர்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா பாசத்தில் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்பில் வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பூசணி, கேரட் கொடுக்கலாம். அம்மாவிடம் 'கொடுக்காதீங்க' என்று சொன்னால் கேட்கமாட்டார். 'இதைக் கொடுங்க' என்று ஒரு டப்பாவைக் காட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

நடை, விடிவதற்கு முன்னால் ஒன்று, இரவு எட்டுக்கு மேல் ஒன்று. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். இரட்டை ரோமம் என்பதால் மொட்டையடிக்கத் தோன்றும், வேண்டாம். வாரம் மூன்று முறை சீவினால் போதும். புல்வெளிக்குப் போய்வந்தால் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வரும் நோய். மாதாந்திர உண்ணி மருந்தையும் இதயப்புழு மருந்தையும் தவறவிடக் கூடாது.

பழைய நாயின் பொருள்களில் எதை வைத்துக்கொள்வது என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீர்க் கிண்ணம் போன்றவை பொதுவாக இருக்கட்டும். கழுத்துவாரை எடுத்து வைத்துவிடுங்கள். கருப்பனின் தோல்வாரில் அவன் கழுத்து அழுத்திய இடம் கருத்துப் பளபளத்து வளைந்திருக்கும், அதைத் தங்கத்துக்கு மாட்ட எனக்கு மனம் வரவில்லை. படுக்கும் இடத்தையும் அவளையே தேர்ந்தெடுக்க விட்டோம். கருப்பன் காலணி அலமாரிக்குப் பக்கத்தில் படுப்பான். அவள் அந்த இடத்தைச் சுற்றி முகர்ந்துவிட்டு, பூஜையறைக்கு வெளியே இருக்கும் குளிர்ந்த டைல்ஸ் தரைக்குப் போய்விட்டாள்.

வந்த நாய் முதல் மூன்று நாள் ஒடுங்கிக் கிடக்கும், மூன்று வாரத்தில் சொந்தக் குணத்தைக் காட்டும், மூன்று மாதத்தில்தான் வீட்டை வீடாக நினைக்கும் என்று தத்தெடுப்பவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு ஏறத்தாழ அப்படியே நடந்தது. அந்த மூன்று மாதத்தில் விருந்தாளிகளை அழைக்காதீர்கள், தீபாவளியை ஒட்டிக் கொண்டுவராதீர்கள். பெயரை மாற்றுவதென்றால் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

அம்மா இன்னமும் வாய்தவறி 'கருப்பா' என்று கூப்பிட்டுவிடுவார். முதலில் நான் திருத்திக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். தங்கம் இப்போது இரண்டு பெயருக்கும் வருகிறாள்.